சிவப்பு மாறினால் கண் சுகமாகிவிட்டதா?



பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளையின் கண்ணில் அடிபட்டு, மறுநாளும் சிவப்பு குறையவில்லை என்றால் பாமசிக்குப் போகாதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் மன்னார்த் தீவில் பிள்ளைகளின் கண்ணுக்கு ஆபத்து நிறைய. பனங்கருக்கு, உடைமுள், தூண்டில், கிரிக்கெட் பந்து, பெருநாள் வெடி. அடிபட்ட அன்று வீடே பதறும். மறுநாள் பிள்ளை விளையாடப் போய்விட்டால் மறந்துவிடுவோம். நாலாம் நாளும் சிவந்திருந்தால் ஒருவர் தாய்ப்பால் விடச் சொல்வார். இன்னொருவர், உம்மும்மாவின் கண் ஒபரேசனுக்குத் தந்த மருந்துப் போத்தலைத் தேடி எடுப்பார்.

எனக்குப் பயம் அந்தப் போத்தலில்தான். அப்படியான மருந்துகள் பலவற்றில் ஸ்டெரோய்ட் இருக்கிறது. அது சிவப்பைச் சட்டென்று குறைக்கும். ஆனால் ஓலையோ முள்ளோ கீறிய கண்ணில் பூஞ்சணத் தொற்று பிடிக்கலாம். அது சில நாள், சிலவேளை சில கிழமை கழித்தே தலைகாட்டும். ஸ்டெரோய்ட் அந்தத் தொற்றை வளரவிட்டு, சிவப்பை மட்டும் மறைத்துவிடும். நாம் "சுகம்" என்று நினைக்கும் நேரத்தில் கருவிழி கெட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் மிஞ்சுவது வெள்ளைத் தழும்பு.

எல்லாச் சிவப்பும் ஆபத்தில்லை. வெள்ளை விழியில் இரத்தம் கட்டியது, நோவும் மங்கலும் இல்லாவிட்டால், பெரும்பாலும் இரண்டு கிழமையில் தானாக மாறும். ஆனால் எது எந்தச் சிவப்பு என்று வைத்தியர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வீட்டில் நாம் தீர்மானிக்க முடியாது.

பிள்ளை சொல்லும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒரு கண் மங்கினால் மற்றக் கண்ணால் சமாளித்துவிடும். நல்ல கண்ணைப் பொத்திவிட்டு வாசிக்கச் சொன்னால்தான் தெரியும். வெளிச்சத்துக்குக் கூசுதல், நீர் வடிதல், நோவு, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். குத்திய காயமென்றால் கசக்கவோ அழுத்தவோ கூடாது, குத்தியதைப் பிடுங்கவும் கூடாது. சுண்ணாம்பு பட்டால் மட்டும், முதலில் நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

பார்வையற்றோருக்குப் புள்ளி எழுத்துத் தந்த லூயி பிரெய்லை எல்லோரும் அறிவோம். அவர் பிறவியில் பார்வை இழந்தவரல்ல. 1812 இல், மூன்று வயதில், பிரான்ஸில் தகப்பனாரின் தோல் பட்டறையில் விளையாடும்போது குத்தூசி ஒரு கண்ணில் குத்தியது. பாதிப்பு மற்றக் கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதில் இரண்டும் போயின. அன்று வைத்தியர்களிடம் தகுந்த மருந்து இல்லை. இன்று இருக்கிறது, பிந்திப் போனால்தான் பிரச்சினை.

கடலுக்குப் போகும் வாப்பாவுக்கு ஒரு நாள் தொழில் போகும். உண்மைதான். ஆனால் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். மேலதிக வைத்தியம் தேவையென்றால் அவர்களே அனுப்பி வைப்பார்கள். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸும் இலவசம். ஒரு நாள் தொழிலை நாளைக்குப் பிடிக்கலாம். கண்ணை?

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: வகுப்பில் சிவந்த கண்ணோடு ஒரு பிள்ளை இரண்டாம் நாளும் வந்தால், அன்றைக்கே வீட்டுக்கு அறிவியுங்கள்.

துஆவும் செய்வோம், மருந்தும் செய்வோம். பிள்ளையின் கண் அமானிதம். வீட்டில் யாரோ பாவித்து மிச்சம் வைத்த கண் மருந்துப் போத்தல் இருந்தால், இன்றைக்கே எறிந்துவிடுங்கள்.