பணங் கொடுத்தவனும் செய்தி சொல்பவனும்

அரசொன்று தன் திறைசேரியிலிருந்து பணங்கொடுத்து நடத்தும் செய்தி நிலையத்தை நம்பலாமா? ஆசிரியர் கூடும் இடங்களிலும் இலக்கிய வட்டங்களிலும் இவ்வினா இந்நாளில் அடிக்கடி எழுகின்றது. பி.பி.சி., அல்ஜசீரா, ரஷ்யாவின் ஆர்.ரி., சீனத்தின் சீ.ஜீ.ரி.என். என்னும் பெயர்களை ஒரே மூச்சிற் சொல்லி, எல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகளே எனத் தீர்ப்பளித்துவிடுவது எளிது. அத்தீர்ப்பு எமக்கு உடன்பாடன்று. பணம் எவருடையது என அறிதல் வேண்டும். ஆயின் விசாரணை அத்துடன் முடிந்துவிடுவதில்லை. பணங்கொடுத்தவனுக்கு நோகக்கூடிய செய்தி வந்தெய்தும் நாளில் அந்நிலையம் யாது செய்கின்றது என்பதையும் கேட்டாக வேண்டும். இதனைச் சோதித்துப் பார்ப்பதற்கு அரபு மொழி ஒலிபரப்பின் வரலாற்றைப் போன்ற களம் பிறிதொன்றில்லை.

முசோலினியின் இத்தாலி, பாரி நகர் வானொலி மூலம் 1934 ஆம் ஆண்டு முதல் அரபு மொழியில் ஒலிபரப்பி வந்தது. இனிய அரபிசையின் நடுவே பிரித்தானியரைத் தாக்கும் பிரசாரமும் கலந்துவந்தது. இதற்கு மறுமொழியாகவே பி.பி.சி. தனது முதலாவது அந்நிய மொழிச் சேவையை அரபு மொழியில், 1938 ஜனவரி 3 ஆம் திகதி, அரசாங்கப் பணத்தைக் கொண்டே ஆரம்பித்தது. அம்முதல் நாட் செய்தியில், பிரித்தானியர் ஆட்சியிலிருந்த பலஸ்தீனத்தில் அரபியர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார் என்பதும் வாசிக்கப்பட்டது. தூக்கிலிட்டவர் பிரித்தானியர், செய்தியைச் சொன்னவரும் பிரித்தானியர்! கேட்டோருள் ஒருவரான சவூதி மன்னர் இப்னு சவூத் மனம் வருந்தினார். லண்டன் வெளிநாட்டமைச்சு சினங்கொண்டது. அரபு மக்களின் நல்லெண்ணத்தைத் தேடவெனத் தொடங்கிய சேவை முதல் நாளிலேயே அவர்தம் நெஞ்சைப் புண்படுத்தலாமா என்பது அமைச்சின் முறையீடு. அமைச்சின் நோக்கில் அது நியாயமே. ஆயினும் பின்னாளில் அச்சேவை ஈட்டிய நம்பிக்கைக்கு வித்திட்டது அந்த ஒரு செய்தியே என்பது எமது துணிபு.

இதனாற் பிரித்தானியரை உத்தமர் எனப் போற்றுகிறோம் என எவரும் எண்ணற்க. சுயெஸ் நெருக்கடி மூண்ட 1956 ஆம் ஆண்டில் அதே பிரித்தானிய அரசு, சைப்பிரசிலிருந்து இயங்கிய ஷார்க் அல் அத்னா என்னும் அரபு வானொலியைத் தன் கையகப்படுத்திப் பிரசாரக் கருவியாக்கிற்று. அங்கு பணியாற்றிய அரபியர் வேலையைத் துறந்து வெளியேறினர். கேட்போரும் காதை மூடிக்கொண்டனர்.

எதிரணியின் கதையோ இதனினும் துயரமானது. கெய்ரோவில் 1953 இல் தோன்றிய ‘அரபுக் குரல்’ வானொலி, நாசரின் பேச்சை மொரோக்கோ முதல் ஏமன் வரை கொண்டு சென்றது. அக்காலத்தில் அதற்கிருந்த செல்வாக்கிற்கு ஈடாக எந்தச் செய்தித்தாளையும் சொல்ல முடியாது. பின்னர் 1967 ஜூன் 5 ஆம் திகதி விடிந்தது. எகிப்தின் விமானப்படை அன்று காலையிலேயே தரையில் வைத்து அழிக்கப்பட்டுவிட, வானொலியோ பகைவரின் விமானங்கள் வீழ்ந்துகொண்டிருப்பதாக முழங்கிற்று. சில நாட்களில் உண்மை வெளிப்பட்டது. பதினான்கு ஆண்டு தேடிய நம்பிக்கை ஒரு கிழமைக்குள் கரைந்தது. அவ்வானொலி தன் பழைய இடத்தை மீண்டும் அடையவில்லை.

அல்ஜசீராவின் பிறப்பு மற்றொரு வகையிற் படிப்பினை தருவது. சவூதிப் பணத்தோடு கூட்டுச் சேர்ந்து பி.பி.சி. நடத்திய அரபுத் தொலைக்காட்சி, சவூதி அரேபியாவைக் குறைகூறும் நிகழ்ச்சி ஒன்றினாற் பிணக்கேற்பட்டு 1996 ஏப்ரிலில் மூடப்பட்டது. வேலையிழந்த செய்தியாளர் பலரைக் கட்டார் சேர்த்துக்கொள்ள, அவ்வாண்டு நவம்பரில் டோஹாவில் அல்ஜசீரா தோன்றிற்று. அது அரபு ஆட்சியாளர்களை நேர்நின்று கேள்வி கேட்டது. இஸ்ரேலியப் பேச்சாளரையும் திரையில் ஏற்றியது. சவூதிச் சார்பில் அல் அரபியா 2003 இலும், அமெரிக்காவின் அல்ஹுர்ரா 2004 இலும், ரஷ்யாவின் அரபு அலைவரிசை 2007 இலும் போட்டிக்கு வந்தன. அண்டை நாடுகள் நான்கு 2017 இற் கட்டாரை முற்றுகையிட்டபோது விதித்த நிபந்தனைகளுள் அல்ஜசீராவை மூடுவதும் ஒன்று. இத்தனை சிறப்பிருந்தும், கட்டார் அரண்மனையை நோக்கும்போது மாத்திரம் அதன் கண் சற்றுத் தாழ்ந்துவிடுகின்றது. எமது உரைகல்லில் இது பெருங் குறையே.

இவ்வாறு புதியவர் வந்து சேர, பழையவர் செலவைக் கணக்கிட்டு விலகுகின்றனர். மின்சாரமற்ற யாழ்ப்பாணத்து இரவுகளிற் சைக்கிள் டைனமோவைச் சுற்றி லண்டன் செய்தி கேட்ட தலைமுறை எம்மிடையே இன்னும் உண்டு. அத்தலைமுறைக்குப் பழக்கமான தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரில் 30 உடன் நின்றது. எண்பத்தைந்து ஆண்டு ஒலித்த பி.பி.சி. அரபு வானொலியும் 2023 ஜனவரியில் ஓய்ந்தது. பத்து மாதங் கழியுமுன் காசாவில் மூண்ட போர், அந்நிலப்பகுதிக்கென அவசர அரபு வானொலிச் சேவை ஒன்றைத் தொடங்குமாறு அதே பி.பி.சி.யை நெருக்கிற்று. லெபனானில் அது கைவிட்ட வானொலி அலைவரிசையில் ரஷ்ய ஆதரவு பெற்ற ஊடகம் ஒலித்துக்கொண்டிருப்பதாக, 2024 ஒக்டோபரில் அதன் தலைமைப் பணிப்பாளரே தெரிவித்தார்.