கண்டுபிடித்தவர் ஜெயிக்கவே இல்லை!

எங்கள் ஆபீசில் எட்டுப் பேர் ஐ.பி.எல். டீம் வைத்திருக்கிறோம். பயப்படாதீர்கள், அம்பானி வைத்திருக்கிற மாதிரி இல்லை. இது நாற்பது பக்க நோட்டு டீம். சீசனுக்கு முன்னால் ஒரு மத்தியானம், தயிர்சாதத்தை மூடிவைத்துவிட்டு வட்டமாக உட்கார்ந்து ஆட்டக்காரர்களைப் பிரித்துக்கொள்வோம். அவர்கள் நிஜ மாட்சில் அடிக்கிற ரன், எடுக்கிற விக்கெட் எல்லாம் நம் கணக்கில் பாயின்ட். கடைசியில் வருகிறவர் ஒரு மாதம் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும். பி.காம். படித்த பாவத்துக்குக் கணக்கு எழுதுவது நான். வேலையை விட்டு எழுத வந்த பிறகும் அந்த நோட்டை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.

2021-லிருந்து 2025 வரை ஐந்து சீசன். அதில் நாலு தடவை ஜெயித்தவர் எங்கள் கேஷியர். மட்டையைக் கையால் தொட்டதில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார், மாட்ச்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இந்த லீகை ஆரம்பித்த மகானுபாவன் யார் என்கிறீர்கள்? அடியேன்தான். மூன்று தடவை டீ வாங்கியிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஆறுதல் டேனியல் ஓக்ரென்ட். நியூயார்க் பத்திரிகைக்காரர். 1980-ல் 'லா ரோட்டிஸெரி ஃபிரான்ஸேஸ்' என்ற ஓட்டலில் நண்பர்களைக் கூட்டி, கற்பனை பேஸ்பால் லீக் ஆரம்பித்தார். ஓட்டல் பேரையே ஆட்டத்துக்கு வைத்து 'ரோட்டிஸெரி லீக்' என்றார்கள். பின்னால் நிலைத்த விதி: ஒவ்வொருவர் கையிலும் 260 டாலர், அதற்குள் ஏலத்தில் 23 ஆட்டக்காரர்களை வாங்க வேண்டும். ஜெயித்தவர் தலையில் சாக்லேட் பானத்தை ஊற்றுவார்கள். ஓக்ரென்ட் தலை மட்டும் நனையவே இல்லை. ஊருக்கே ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் தன் லீகில் ஒரு தடவைகூட சாம்பியன் ஆனதில்லை!

அதற்கும் முன்னால், 1963-ல், ஓக்லண்டில் பில் விங்கென்பாக் என்பவர் கால்பந்துக்கு இப்படி ஒரு லீக் வைத்தார். நம் ஊர்க் கால்பந்து இல்லை, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது. முதலில் எடுக்க வாய்ப்புக் கிடைத்தவர் ஜிம் பிரவுனை விட்டுவிட்டு ஜார்ஜ் பிளாண்டாவை எடுத்தார். அந்த வருஷம் பிரவுன் ஓடியது 1,863 கஜம். அது அப்போது சாதனை! அந்த லீகில் கடைசியில் வந்தவருக்கும் ஒரு கோப்பை உண்டு. மக்குத் தொப்பி போட்ட மரப் பந்து. அடுத்த சீசன் வரை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும். நமக்கு டீயோடு போயிற்று.

ஒரு நாள் கேஷியரையே கேட்டுவிட்டேன். "என்ன சார் ரகசியம்?"

"நீங்க பிடிச்சவனை எடுக்கறீங்க தம்பி. நான் ஆடறவனை எடுக்கறேன்" என்றார், நோட்டுக் கட்டை எண்ணிக்கொண்டே. "முதல்ல இறங்கறவனுக்குப் பந்து நிறையக் கிடைக்கும். பந்தும் போடறவன்னா ரெண்டு பக்கமும் வரவு. ஏழாவதா வர்றவன் எவ்வளவு பெரிய ஆளா இருந்தா என்ன? ரெண்டு ஓவர்தானே மிச்சம்?"

யாரைச் சொல்கிறார் என்று புரிந்தது. வருஷா வருஷம் முதல் சுற்றிலேயே தோனியை எடுக்கிறவன் நான். சென்னை ஐந்து கோப்பை வாங்கிய அணி, மும்பைக்குச் சமம் என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனால் நோட்டில் பழைய கோப்பைக்குப் பாயின்ட் கிடையாதே! 2025-ல் சென்னை முதல் முறையாகக் கடைசி இடத்துக்கு வந்தது. என் நோட்டு டீமும் கூடவே வந்தது. விசுவாசம் சார், விசுவாசம்.

இனி சிரிப்பில்லாத விஷயம்.

எங்களில் சின்னவன் ஒருத்தன், டெஸ்பாட்ச் பையன். "டீக்கெல்லாம் யாருண்ணே ஆடுவா?" என்று 2023-ல் கழன்றுகொண்டான். செல்போனில் பணம் கட்டி ஆடுகிற ஆப். முதலில் ஐம்பது ரூபாய். அப்புறம் தீபாவளி போனஸ். அப்புறம் கடன். ஒரு நாள் சம்பள அட்வான்ஸ் கேட்டு கேஷியர் முன்னால் வந்து நின்றான். அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"உன்னை ஜெயிச்சது யாருப்பா?"

பையன் முழித்தான். "தெரியாது சார்."

எனக்குச் சுருக்கென்றது. எங்களைத் தோற்கடிக்கிறவர் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ரகசியத்தைக் கேட்டால் சொல்கிறார். அவன் ஆடியது லட்சம் பேர் கூட்டத்தில். அமெரிக்காவில் 2015 பேஸ்பால் சீசனின் முதல் பாதியை ஆராய்ந்து ஒரு கணக்குப் போட்டார்கள். இந்த மாதிரி தினசரி ஆட்டங்களில் ஆடியவர்களுக்குக் கிடைத்த லாபத்தில் 91 சதவிகிதம் போனது வெறும் 1.3 சதவிகித ஆட்களுக்கு. கம்ப்யூட்டரை வைத்து நூற்றுக்கணக்கில் டீம் போடுகிறவர்கள் அவர்கள். நம் பையன் ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு டீம் போடுவான்.

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. அந்தச் செய்தியை பேப்பரில் படித்துக் காட்டியபோது பையன் சிரித்தான். அவனுக்கு இன்னும் நாலு தவணை பாக்கி இருந்தது.

அந்த வருஷ சீசனுக்கே அவன் எங்கள் வட்டத்துக்குத் திரும்பியிருந்தான். கேஷியர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ஆட்களை எடுப்பதை உன்னிப்பாகப் பார்த்தான். கடைசியில் எட்டுப் பேரில் மூன்றாவதாக வந்தான்.

டீ நான்தான் வாங்கினேன். எட்டு டம்ளர். பையனுக்கு மட்டும் சர்க்கரை தூக்கலாக.