வழியில் இறங்கினால் என்ன?

மும்பையில் இருக்கும் நம்மவர்களிடம் "எந்தெந்த ஊர் பார்த்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இருபது, முப்பது வருடம் இங்கே இருப்பவர்கூட "ஊருக்குப் போவேன், வருவேன். அவ்வளவுதான்" என்பார். தாராவியில் இருந்து திருநெல்வேலி. திருநெல்வேலியில் இருந்து தாராவி. நடுவே கடந்து போகும் மூன்று மாநிலங்களும் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்ததோடு சரி!

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிடைக்கும் லீவு பத்து நாள். அதற்குள் கோவில் கொடை, தங்கை மகள் சடங்கு, பத்திரப் பதிவு, அம்மாவின் கண் ஆபரேஷன். கையில் கொண்டு போன பணம் திரும்பி வரும்போது டீ குடிக்கக்கூட மிஞ்சாது.

"தம்பி, ஊருக்குப் போறதுக்கே துட்டு பத்தல. இதுல வழியில வேற இறங்கணுமாக்கும்?" என்று கேட்டார், மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர்.

இறங்கலாம் அண்ணாச்சி. அதற்கு ரெயில்வேயில் விதியே இருக்கிறது.

எனக்கு ரெயில்வேயில் குமாஸ்தா வேலை. படித்தது பத்தாம் வகுப்பு. மற்றவர்கள் நாவல் படிப்பார்கள். நான் ரெயில் கால அட்டவணை படிப்பேன். ஊர் சுற்றும் ஆசை அப்படி வளர்ந்தது. ஆகவே இந்த விதியைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

500 கிலோமீட்டருக்கு மேல் போகும் டிக்கெட் வைத்திருப்பவர், முதல் 500 கிலோமீட்டரைக் கடந்த பிறகு வழியில் ஒரு ஸ்டேஷனில் இறங்கித் தங்கலாம். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் போக 2 நாள் தங்க அனுமதி. 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட் என்றால் இரண்டு இடங்களில் இறங்கலாம். இறங்கியதும் டிக்கெட்டில் ஸ்டேஷன் மாஸ்டரிடமோ டிக்கெட் கலெக்டரிடமோ எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு போகும் வண்டிக்கும் இடம் வேண்டுமானால், டிக்கெட் எடுக்கும்போதே கவுண்டரில் சொல்லிவிட வேண்டும். ராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளுக்கு இது செல்லாது.

இதில் லாபமும் இருக்கிறது. தூரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்ற கட்டணம் குறைந்துகொண்டே வரும். இரண்டு துண்டு டிக்கெட் எடுப்பதைவிட, ஒரே நீண்ட டிக்கெட் எடுத்து நடுவில் இறங்குவது மலிவு.

சரி, எங்கே இறங்குவது?

சோலாப்பூர் வழியாகப் போகும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சோலாப்பூர் 500-ஐத் தொடாது. அடுத்த பெரிய ஊரான குல்பர்கா தொட்டுவிடும். இப்போது அதற்குக் கலபுரகி என்று பெயர். 1347-ல் பாமினி சுல்தான்களின் தலைநகரான ஊர் அது. கோட்டைக்குள் இருக்கும் பெரிய மசூதிக்குத் திறந்த முற்றமே கிடையாது. முழுவதும் கூரை, கூரை முழுவதும் சிறுசிறு கும்மட்டங்கள்.

என்னைக் கேட்டால் குண்டக்கல்லில் இறங்கச் சொல்வேன். அங்கிருந்து ஹொஸ்பேட்டுக்கு வேறு வண்டி. ஹொஸ்பேட்டில் இருந்து சுமார் 13 கிலோமீட்டரில் ஹம்பி. நம் சட்டைப் பையில் இருக்கும் புதிய 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் ஒரு கல் தேர் இருக்கிறதே, அது ஹம்பி விட்டலர் கோவில் தேர். தினம் காய்கறி வாங்கக் கொடுக்கிறோம், எந்த ஊர்த் தேர் என்று கேட்டதில்லை!

1565-ல் அழிந்த விஜயநகரத்தின் தலைநகரம் அது. மதுரையை ஆண்ட நாயக்கர்கள் முதலில் இந்த அரசின் பிரதிநிதிகளாக வந்தவர்கள்தான். திருமலை நாயக்கர் மகாலைப் பார்த்த நம் பிள்ளைகள் அதன் வேரையும் பார்க்க வேண்டாமா? விரூபாட்சர் கோவிலில் இன்றும் பூஜை நடக்கிறது. அங்கே ஓர் இருட்டு அறையில், சுவரில் இருக்கும் சிறு துளை வழியாக ராஜகோபுரத்தின் நிழல் தலைகீழாக விழும். அதைப் பார்த்த என் மகன் அரை மணி நேரம் நகரவில்லை. வெளியே துங்கபத்திரையில் பரிசல் ஓடுகிறது, நம் ஒகேனக்கல்லில் ஓடுவது மாதிரியே.

ஊரில் நம்மை 'மும்பைக்காரன்' என்கிறார்கள். மும்பையில் 'மதராஸி' என்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டும் இரண்டு பிளாட்பாரம். நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு தடவை நடுவில் இறங்கி அந்த ஊர்ச் சோளரொட்டியைத் தின்று, அந்த ஊர்க்காரரிடம் வழி கேட்டு நடந்தால், தன் நாடு எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்குத் தெரியும்.

முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை ஓரம் உட்கார்ந்து போகிறவரிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார். அது நியாயம். சாதாரணப் பெட்டிகள் கூட வேண்டும். இந்த விதியை தாதர் ஸ்டேஷனில் தமிழில் எழுதி வைத்தாலும் பாதகம் இல்லை. 2024 நவம்பரில் இருந்து 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு என்பதால், திட்டம் போடுகிறவர் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

"ரிடையர் ஆன பிறகு பார்ப்போம்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதியோருக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் குறைத்துக் கொடுத்த சலுகை அது. அதை நம்பிக் காசி, ராமேசுவரம் என்று கணக்குப் போட்டிருந்தவர்கள் பலர். சலுகை இருந்தாலும் முழங்கால் இருக்க வேண்டுமே!

எனக்கு இன்னும் இரண்டு ஆசை பாக்கி. ஒன்று, 2011-ல் தொடங்கிய கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரசில் முழுத்தூரமும் போக வேண்டும். 4,100 கிலோமீட்டருக்கு மேல். மூன்று நாளுக்கு மேல் உட்கார்ந்தே போகலாம். இன்னொன்று, 2025 ஜூனில் திறந்த செனாப் பாலம். ஆற்றில் இருந்து 359 மீட்டர் உயரத்தில் ரெயில் போகிறது. மனைவி காஷ்மீர்தான் முதலில் என்கிறாள். மூன்று நாள் ரெயில் சாப்பாடு அவளுக்கு ஆகாதாம்.