தேதிச் சீட்டின் சாட்சியம்

பொது நூலகங்களுக்குப் புதிய நூல்கள் வாங்கும் ஆலோசனை மீண்டும் எழுந்திருக்கும் இத்தருணத்தில், தேர்வுக்கு வாசகரின் உபயோகமே பிரமாணமாகக் கொள்ளப்பட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் சர்வகலாசாலை நூலகத்தில் 1969ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட நூல்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 40, முதல் 6 ஆண்டுகளில் ஒருமுறையேனும் இரவல் போகவில்லை என்று 1979இல் வெளியான ஆராய்ச்சி காட்டிய பின்னும், பதிப்பாளர் நீட்டும் பட்டியலையும் அதிகாரியின் ருசியையும் நம்பி, சொத்து வரியோடு மக்கள் செலுத்தும் நூலக வரியைச் செலவிடுவது தர்மமாகாது. அகராதியை யாரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை, ஆகவே இரவல் கணக்கு ஒன்றே போதாது என்னும் ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. அதற்குப் பரிகாரம், மேசைமீது விட்டுச் செல்லப்படும் நூல்களையும் அன்றாடம் குறித்துவைப்பதேயன்றி, கணக்கையே கைவிடுவதன்று. கிளைதோறும் தேதிச் சீட்டுகளைப் பரிசோதித்து, அவ்விவரத்தைத் தேர்வுக் குழுவின் முன் வைத்த பின்னரே நூலகத் துறை கொள்முதல் ஆணையில் கையொப்பமிட வேண்டும்.