கரமலுக்கு அப்பிள்தான் வேண்டுமா?

க.பொ.த. உயர்தரம், உயிரியல் பிரிவு மாணவி

ஆங்கிலப் பாலர் புத்தகத்தின் முதற்பக்கத்தில் ஓர் அப்பிள் இருக்கும். மலையகத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆங்கிலம் தொடங்குகிறார்கள். கடைவீதிப் பிள்ளையும் தோட்டத்து லயத்துப் பிள்ளையும் ஒரே சத்தத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிப் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பழத்தைக் கையில் வாங்கிக் கடிக்கும் நாள் இருவருக்கும் ஒன்றாக வருவதில்லை.

இப்போது அதே அப்பிள் கைத்தொலைபேசித் திரையில் புதுக்கோலத்தில் வருகிறது. துண்டு துண்டாக வெட்டி, பொன்னிறக் கரமலில் தோய்த்து, மேலே பாதாம், பிஸ்கட் தூள், சொக்லட் துகள் தூவி, கடித்தால் மொறுமொறுவென்று சத்தம் கேட்கக் காட்டுகிறார்கள். எங்கள் வகுப்பில் இந்தக் காணொளியைப் பார்க்காதவர்கள் இல்லை. வீட்டில் செய்து பார்த்தவர்களோ மிகச் சிலர். கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "அதுக்குரிய சாமான் எங்கட ஊரில எங்க இருக்கு? இருந்தாலும் என்ன விலை!"

இக்கருத்துடன் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்குரிய சாமான் எல்லாம் நம் மலைநாட்டிலேயே இருக்கிறது. அதைச் சாமானாக மதிக்க நாம் மறந்துவிட்டோம் என்பதே எனது வாதம்.

முதலில் அப்பிளைப் பற்றிப் பார்ப்போம். அதன் பூர்வீகம் மத்திய ஆசியாவின் தியன் சான் மலைத்தொடர். இன்றும் கசக்ஸ்தானில் அதன் காட்டினம் காணப்படுகிறது. பெரும்பாலான அப்பிள் வகைகள் நன்றாகப் பூத்துக் காய்க்க, 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிரில் பல நூறு மணித்தியாலங்கள் உறங்கியிருக்க வேண்டும். நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் புல்லில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் ஏறிவிடுகிறது. அந்த நீண்ட உறக்கம் இங்கு மரத்துக்குக் கிடைப்பதில்லை. ஆகவே நாம் உண்ணும் அப்பிள் கப்பலில் வருகிறது. 2022 மார்ச் மாதத்தில் டொலர் தட்டுப்பாட்டினால் 367 வகைப் பொருட்களின் இறக்குமதிக்கு அனுமதிப்பத்திரம் கட்டாயமாக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் அப்பிளும் இருந்தது. அத்தியாவசியமற்ற பொருள் என்று அரசாங்கமே சொன்ன பழம் அது.

ஆனால் மக்கள் மனதில் அது அப்படி இல்லை. என் வாப்பா ஹற்றனில் சிறிய பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அங்கு அப்பிள் கிலோக்கணக்கில் போவது குறைவு. ஒன்று, இரண்டு என்றுதான் போகும். ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கப் போகிறவர்கள் வாங்குவார்கள். ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தாய் ஓர் அப்பிளை எடுத்து, "நாலா வெட்டித் தாங்க முதலாளி, வீட்டுல நாலு புள்ளைங்க" என்று கேட்டார். வாப்பா வெட்டிக் கொடுத்தார். நாள் முழுவதும் கொழுந்து பறித்தால் 1000 ரூபா என்ற சம்பளத்தையே பல வருடப் போராட்டத்தின் பின் 2021இல்தான் பெற்றவர்கள் அவர்கள். அந்தத் தாயின் கையில், "ஆறு அப்பிள், ஒரு போத்தல் கரமல், ஒரு கப் பாதாம்" என்று தொடங்கும் குறிப்பைக் கொடுத்தால் அதற்கு என்ன பொருள்? இது உங்களுக்கு உரியதல்ல என்பதுதான் பொருள்.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். இந்தத் தின்பண்டத்தைப் பிரித்துப் பார்த்தால் மூன்று விடயங்கள்தாம் உள்ளன. புளிப்பும் உறுதியும் உள்ள ஒரு பழம். பதமாகக் காய்ந்த ஓர் இனிப்புப் பாகு. மேலே மொறுமொறுப்பான ஏதாவது ஒன்று. இவற்றில் எதற்கும் கப்பல் தேவையில்லை.

பழத்துக்கு நம்மிடம் பியர்ஸ் இருக்கிறது. நுவரெலியா, வெலிமடைப் பக்கங்களில் பருவத்தில் வீதியோரங்களில் குவித்து விற்பார்கள். "அது கல் மாதிரி, புளிக்கும்" என்று நாம் ஒதுக்குகிறோம். மேலைநாடுகளில் கரமலில் தோய்ப்பதற்கு விரும்பித் தேடுவது கிரானி ஸ்மித் என்ற பச்சை அப்பிளைத்தான். 1860களில் அவுஸ்திரேலியாவில் தோன்றிய அந்த வகைக்கு மதிப்பே அதன் புளிப்பும் கடினமும்தான். இனிப்புக்கு மேல் இனிப்பு ஏறினால் திகட்டும். மென்மையான பழமாக இருந்தால் சூட்டுப் பாகில் குழைந்துவிடும். அதாவது, அதிக விலை கொடுத்து வாங்கும் சிவப்பு அப்பிளைவிட, நாம் குறைசொல்லும் நம்மூர்ப் பியர்ஸே இந்த வேலைக்குப் பொருத்தமானது.

வெட்டிய பழம் சிறிது நேரத்தில் பழுப்பு நிறமாக மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பழத்தின் கலங்கள் சிதையும்போது பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து செய்யும் வேலை அது. இதே வகை நொதியம்தான் நம் தேயிலைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறது. வாட்டிய கொழுந்தை உருளையில் அரைத்துப் பரப்பி வைத்தால் பச்சை இலை செம்பு நிறமாகிறதே, அதுவும் ஒட்சியேற்றம்தான். தேயிலையில் நாம் அதை வேண்டுமென்றே வளர்த்து, போதும் என்றதும் சூட்டினால் நிறுத்துகிறோம். பழத்தில் அதைத் தடுக்க, தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரில் துண்டுகளைப் போட்டால் போதும். தேயிலைத் தொழிற்சாலையின் வாசனையில் வளர்ந்த நமக்கு இந்தப் பாடத்தைத் திரையிலிருந்து யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அடுத்தது பாகு. போத்தலில் வரும் கரமல் நமக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிக்காத முஸ்லிம் வீடு நம் ஊரில் உண்டா? கித்துள் கருப்பட்டியையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்தால் என்ன மணம் வரும் என்பது நம் உம்மாமாருக்குத் தெரியும். அதே இரண்டையும் அடுப்பில் வைத்துக் கிண்டித் தொதல் செய்கிறார்கள். தொதலாக இறுகுவதற்கு வெகு முன்பே, கரண்டியைப் பூசிக்கொள்ளும் பதத்தில் இறக்கினால் அதுதான் நமது கரமல்.

பாகு காய்ச்சும்போது மலைநாட்டுக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெளிநாட்டுக் குறிப்புகளில் மென்மையான பாகுப் பதத்துக்கு 112 முதல் 116 பாகை என்று போட்டிருப்பார்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. உயரம் கூடக்கூட வளியமுக்கம் குறைவதால் தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் அது 94 பாகை அளவில் கொதிக்கிறது. 1,270 மீற்றர் அளவிலுள்ள ஹற்றனில் 96 பாகை. ஆகவே நுவரெலியாவில் 116 பாகை வரை காய்ச்சினால் தண்ணீர் அளவுக்கு மிஞ்சி வற்றி, கரமல் பல்லை இழுக்கும். குறிப்பில் உள்ளதிலிருந்து அங்கே 6 பாகையும் ஹற்றனில் 4 பாகையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

வெப்பமானி இல்லாத வீட்டில் என்ன செய்வது? குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் உருட்டினால் மென்மையாகத் திரள வேண்டும். நம் மூத்தம்மாமார் "பதம் பார்ப்பது" என்று சொன்னது இதைத்தான். இந்தச் சோதனை கொழும்பிலும் சரிவரும், நுவரெலியாவிலும் சரிவரும். உயரக் கணக்கே தேவையில்லை.

செய்முறை மிகச் சுருக்கமானது. 250 கிராம் கருப்பட்டியைச் சிறிது தண்ணீரில் கரைத்து வடித்தெடுங்கள். ஒரு கப் முதற்பாலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மெல்லிய நெருப்பில் அடிப்பிடிக்காமல் கிண்டிப் பதம் பாருங்கள். இறக்கிச் சூடு சற்று அடங்கட்டும். பழத்துண்டுகளைத் துணியால் ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். ஈரமிருந்தால் பாகு வழுக்கிவிடும். பாதியளவு தோய்த்து, பட்டர் தடவிய தட்டில் வைத்து, பாகு காயுமுன் தூவுங்கள். தூவுவதற்கு வறுத்து இடித்த கச்சான், எள்ளு, நொறுக்கிய முறுக்கு, வறுத்த தேங்காய்ப்பூ எதுவும் பொருந்தும். கடைப்பொதியில் வரும் மார்ஷ்மெலோவில் ஜெலற்றின் என்ன ஜெலற்றின் என்று தேடும் கவலையும் இல்லை. ஆனால் சூட்டுப் பாகு தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். சின்னப் பிள்ளைகளை அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். செய்ததை உடனே சாப்பிடுங்கள். நம் மூடுபனியில் கரமல் ஈரத்தை இழுத்து, அரைமணித்தியாலத்தில் மொறுமொறுப்புப் போய்விடும்.

இதற்கு மறுப்புச் சொல்வோரும் இருக்கிறார்கள். அசல் கித்துள் கருப்பட்டி சீனியைவிட விலை கூடியதாயிற்றே என்பார்கள். உண்மைதான், சீனி கலந்த கருப்பட்டியும் சந்தையில் தாராளமாக உண்டு. அப்படியானால் கரமல் புடிங்குக்குச் செய்வது போல வெறும் சீனியை உருக்கித் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். சீனியும் கப்பலில்தானே வருகிறது என்று அடுத்த கேள்வி வரும். அதுவும் உண்மைதான். வெளியிலிருந்து வந்த எல்லாவற்றையும் விலக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இந்த மலைகளை மூடியிருக்கும் தேயிலையே வெளியிலிருந்து வந்தது; 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் அதைப் பயிரிட்டார். தோட்டத்தில் உழைக்கும் மக்களின் முன்னோரும் கடல் கடந்து நடந்து வந்தவர்களே. வந்த செடியும் வந்த மனிதரும் இந்த மண்ணுக்கு உரியவர்களாகிவிட்டபோது, வந்த ஒரு சமையல் முறையை மட்டும் ஏன் அதே போத்தலுடனும் அதே பொதியுடனும் வைத்திருக்க வேண்டும்?

சாதாரண ஓர் இனிப்புக்கு இவ்வளவு பேச்சா என்றும் கேட்கலாம். இனிப்பு சிறியதுதான். ஆனால் "எங்களிடம் உள்ளது குறைந்தது" என்ற எண்ணம் இத்தகைய சின்ன விடயங்களின் வழியாகத்தான் பிள்ளைகள் மனதில் இறங்குகிறது. கச்சான் உருண்டையை டிபன் பெட்டிக்குள் மறைத்துச் சாப்பிடும் பிள்ளையையும், பொதியில் வந்த பிஸ்கட்டை மேசையில் எடுத்து வைக்கும் பிள்ளையையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் கூச்சத்தை அறிவுரை சொல்லிப் போக்க முடியாது. செய்து காட்டி, சுவைக்கக் கொடுத்துத்தான் போக்க வேண்டும்.

ஆகவே எனது யோசனை இதுதான். மனைப்பொருளியல் கற்கும் தங்கைமார் இதை ஒரு செய்முறையாக எடுத்துச் செய்து பார்க்கட்டும். உயிரியல், இரசாயனவியல் படிக்கும் நாம் அதன் காரணத்தை விளக்குவோம். ஆரம்பப் பிரிவின் அடுத்த சிறுவர் சந்தையில் ஒரு மேசை போட்டு, "கரமல் பியர்ஸ்" என்று தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பலகை எழுதி வைப்போம். விலையை மட்டும், தோட்டத்திலிருந்து வரும் ஒரு பிள்ளையின் கையில் உள்ள சில்லறைக்கு ஒரு முழுத்துண்டு கிடைக்குமாறு வைப்போம்.