போர்வையின் பின்பக்கம்

அமெரிக்க நாட்டுச் சிற்றூர்களில் பெண்கள் கூடி அமைத்திருக்கும் தையற் சங்கங்கள், ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டாண்டுக்கு ஒரு முறையோ, தங்கள் அங்கத்தினர்கள் தைத்த போர்வைகளையெல்லாம் ஓரிடத்தில் தொங்கவிட்டு ஊராருக்குக் காட்டுகிற சம்பிரதாயம் ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடமோ, தேவாலயத்தை ஒட்டிய மண்டபமோ, சந்தை மைதானத்துக் கொட்டகையோ, கிடைத்த இடத்தில் இரண்டு நாள் நடக்கும். நுழைவுக் கட்டணம் சில டாலர்களே. வாசலில், சங்கத்தார் யாவரும் சேர்ந்து தைத்த ஒரு பெரிய போர்வையைக் குலுக்கலுக்காக வைத்திருப்பார்கள். அதற்குச் சீட்டு விற்றுக் கிடைக்கும் பணம் பெரும்பாலும் ஏதாவதொரு தர்ம காரியத்துக்குப் போய்ச் சேரும். ஒஹாயோ மாநிலத்தில் என் மகள் குடியிருக்கும் ஊரில் அப்படியொரு கண்காட்சியை நிதானமாகச் சுற்றிப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

குவில்ட் என்று அவர்கள் வழங்கும் இந்தப் போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. பல நிறத் துண்டுகளைக் கணக்குத் தப்பாமல் வெட்டி இணைத்த முகத்துணி மேலே. மெல்லிய பஞ்சுப் படலம் நடுவே. ஒரே துணியாலான முதுகு அடியில். மூன்றையும் ஊடுருவிக்கொண்டு போர்வை முழுவதும் ஓடுகிற சின்னஞ்சிறு ஓட்டுத்தையல்தான் அவற்றை ஓருடலாக்குகிறது. கை தேர்ந்தவர்கள் ஓர் அங்குலத்துக்குள் 10 முதல் 12 தையல் வரை போடுகிறார்கள். கட்டில் அளவுள்ள ஒரு போர்வையைக் கையாலேயே தைத்து முடிக்க மாதங்கள் பல ஆகும். குடும்பக் காரியங்களுக்கு நடுவே கிடைக்கிற நேரத்தில் தைப்பவர்களுக்கு ஆண்டுகளே ஆவதுமுண்டு.

மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் கண்ணில் படுவது போர்வைகளுக்குச் சமமாகத் தொங்கும் சிறு அட்டைகள். தயவுசெய்து தொடாதீர்கள் என்பதுதான் எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறது. தின்பண்டமும் காப்பியும் உள்ளே வரக்கூடாது. கொக்கியும் பல்லிணைப்பும் உள்ள கைப்பைகளை உடம்போடு அணைத்துக்கொண்டு நடக்கும்படி வாசலிலேயே பணிவோடு சொல்லிவிடுகிறார்கள். துணியைக் கண்ணால் மட்டும் பார்த்து மதிப்பிடும் வழக்கம் நம்மவர்களுக்குக் கிடையாது. காஞ்சிபுரத்துப் பட்டுக் கடையில், கடைக்காரர் முந்தானையை விரித்துப் போட்டதும், கரையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்துப் பார்த்து, அப்படியே உள்பக்கம் திருப்பி ஜரிகை இழை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று ஆராய்ந்த பிறகே நம் வீட்டுப் பெண்கள் விலை கேட்பார்கள். அந்தச் சோதனை நியாயமானது. விரல்கள் அறிகிற சங்கதியைக் கண் அறியாது. ஆகவே, உடம்பைப் போர்த்துவதற்கென்றே பிறந்த ஒரு பொருளை உடம்பில் எந்தப் பாகமும் தீண்டலாகாது என்று விதிப்பது முதலில் எனக்கும் விசித்திரமாகத்தான் தோன்றியது.

அந்த எண்ணத்தை மாற்றியவர் வெள்ளைக் கையுறை அணிந்திருந்த ஒரு மூதாட்டி. இத்தகைய காட்சிகளில் வரிசைக்கு ஒருவராக இப்படிச் சில பெண்மணிகள் நின்றுகொண்டிருப்பார்கள். பார்வையாளர் எவராவது கேட்டால், கையுறையிட்ட கையால் போர்வையின் கீழ்மூலையை மெல்லத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டுவதே அவர்களுடைய ஊழியம். "பின்னால் பார்க்க வேண்டுமா?" என்று அவரே என்னைக் கேட்டார். நான் தலையசைத்ததும் குனிந்து, விளிம்புப் பட்டியை இரண்டு விரல்களால் பற்றி, துணி மடிந்து கசங்காதபடி மற்றொரு கையை அடியில் ஏந்தி, ஒரு முழ உயரத்துக்குத் தூக்கினார். முகப்பில் நீலமும் வெள்ளையுமான நட்சத்திரங்களின் ஆரவாரத்தில் அடங்கிக் கிடந்த தையல், வெறும் வெண்துணியாலான பின்புறத்தில் தனியே எழுந்து தெரிந்தது. எந்த இடத்திலும் முடிச்சில்லை. நூலின் முனைகளையெல்லாம் பஞ்சுக்குள் இழுத்து மறைத்திருந்தார்கள். மூலையில் உள்ளங்கையளவு துணிச் சீட்டு ஒன்றைத் தைத்து, அதில் தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, யாருக்காகத் தைத்தது என்பனவற்றை அழியாத மையால் எழுதியிருந்தார்கள். அவ்வளவையும் நான் படித்து முடிக்கும் வரை அவர் அசையாமல் பிடித்திருந்தார். பிறகு மெல்ல இறக்கி, விட்ட இடத்தைத் தட்டிச் சரிசெய்யக்கூட முயலாமல் கையை எடுத்துக்கொண்டார்.

தொடக்கூடாது என்பதற்குக் காரணங்கள் பல. சுத்தமாகக் கழுவிய கையிலும் எண்ணெய்ப் பசையும் வியர்வையின் உப்பும் இருக்கின்றன. ஒருவர் தொட்டால் தெரியாது. இரண்டு நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் விரல் வைத்தால், அந்த வெள்ளை நட்சத்திரம் வெள்ளையாக இராது. பழைய போர்வைகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், இரும்பு உப்புச் சேர்த்து ஏற்றிய பழுப்புச் சாயங்கள் காலக்கிரமத்தில் நூலையே அரித்துவிட்டபடியால், அந்தக் காலத்துப் போர்வைகளில் மற்ற நிறங்கள் நிற்கப் பழுப்புத் துண்டுகள் மட்டும் பொடிந்து உதிர்ந்திருப்பதைக் காணலாம். அதே நூற்றாண்டின் இறுதியில், கோணல்மாணலான பட்டுத் துண்டுகளை இணைத்து, மேலே பூவேலை செய்து, கூடத்தில் அழகுக்காக விரித்து வைக்கும் ஒருவகைப் போர்வை செல்வர் வீடுகளில் பிரபலமாயிற்று. எடையும் கனமும் கூட்டுவதற்காக உலோக உப்புகளில் தோய்த்து விற்ற அந்தப் பட்டு, இன்று யாரும் தொடாமலே கீறல் கீறலாக வெடித்துக்கொண்டிருக்கிறது.

தொங்கவிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆணியும் கவ்வியும் கூடாது. போர்வையின் பின்பக்க மேல்விளிம்பில், நாலங்குல அகலமுள்ள துணிக் குழல் ஒன்றைக் கையால் தைத்துவிடுகிறார்கள். கம்பு அதற்குள் நுழைவதால், போர்வையின் பாரம் ஒரே இடத்தில் இழுக்காமல் அகலம் முழுவதற்கும் பரவுகிறது. வெயில் படும் சன்னலுக்கு எதிரே எதையும் மாட்டுவதில்லை, சாயத்துக்கு வெளிச்சத்தைவிடப் பெரிய சத்துரு இல்லையாதலால். வீட்டில் பத்திரப்படுத்தும்போதும் பிளாஸ்டிக் பையிலோ வெறும் மரப்பெட்டியிலோ வைக்காமல், துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி மடிக்கும்படி சொல்கிறார்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே இழை அறும். பட்டுப் புடவையை மடிப்பு மாற்றி வைக்கச் சொன்ன நம் பாட்டிமாருக்கும் இந்தச் சாஸ்திரம் தெரிந்திருந்தது.

இதற்கு முற்றிலும் மாறான ஒரு வழக்கமும் அந்த நாட்டில் உண்டு. ஆரிகன் மாநிலத்தில் சிஸ்டர்ஸ் என்ற சிற்றூரில், 1975 முதல், ஜூலை மாதத்து இரண்டாம் சனிக்கிழமையன்று, ஊரிலுள்ள கடைகளின் வெளிச்சுவர்களிலும் மாடிக் கைப்பிடிகளிலும் போர்வைகளைத் திறந்த வெளியில் தொங்கவிடுகிறார்கள். ஒரு பகல்தானே, மாலைக்குள் இறக்கிவிடுகிறார்கள் என்பதால் அதில் எனக்குக் குறையொன்றும் தோன்றவில்லை.

ஆனால் துணிக்குச் செய்யும் உபசாரத்தைத் தைத்தவளுக்கும் செய்தார்களா என்று கேட்டால், சரித்திரம் அவ்வளவு மகிழ்ச்சியான விடை தருவதில்லை. ஹாரியட் பவர்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி 1837-இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளை 11 கட்டங்களில் துணி உருவங்களாக வெட்டி ஒட்டித் தைத்த போர்வை ஒன்றை 1886-இல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திச் சந்தையில் பார்வைக்கு வைத்தார். ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை அதைக் கண்டு மயங்கி விலைக்குக் கேட்டபோது, எந்த விலைக்கும் கொடுப்பதற்கில்லை என்று மறுத்துவிட்டார் ஹாரியட். சில ஆண்டுகள் சென்று, வறுமை முற்றிய காலத்தில், அதை மாவுப் பையொன்றில் இட்டு, அந்தப் பையை மறுபடி ஒரு கோணிக்குள் வைத்து, மாட்டு வண்டியில் மடிமேல் தாங்கிக்கொண்டு ஸ்மித்தின் வீட்டு வாசலில் வந்திறங்கினார். அவர் கேட்டது பத்து டாலர், கிடைத்தது ஐந்து. கொடுத்த பிறகும் தம் போர்வையைப் பார்ப்பதற்கென்று சில முறை அந்த வீட்டுக்கு வந்து போனாராம். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. வெளிச்சத்தை அளந்து காட்டும் அருங்காட்சியகத்தார் அதைக் காக்கும் சிரத்தையை நான் வணங்குகிறேன். அந்த மாவுப் பையும் கோணியும் அதற்குக் குறைந்தவையென்று என்னால் எண்ண முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கதை இருக்கிறது என்று ஹாரியட் சொன்னதை ஸ்மித் கேட்டு எழுதி வைத்தாரே, அந்த ஒரு புண்ணியத்தினால்தான் தைத்தவர் யாரென்பதும் நமக்குத் தெரிகிறது.

எழுதி வைக்காதபோது நேர்வது வேறு. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி, சியர்ஸ் என்ற பெரிய வியாபார ஸ்தாபனம் நாடு முழுவதற்குமாக ஒரு போர்வைப் போட்டி நடத்தியது. பொருளாதார மந்த காலம், முதற்பரிசோ ஆயிரம் டாலர், 24,000-க்கும் அதிகமான போர்வைகள் வந்து குவிந்தன. போர்வை முழுவதும் அனுப்புகிறவர் கைவேலையாகவே இருக்கவேண்டுமென்பது விதி. பரிசைப் பெற்றவர் கென்டக்கி மாநிலத்து மார்கரெட் கேடன் என்பவர். அவருடைய பெயரில் சென்ற அந்தப் போர்வையைத் தைத்தவர்கள் கூலிக்கு வேலை செய்த வேறு பெண்கள். பரிசுப் பணத்தில் அவர்களுக்கு ஒரு பங்கும் கிடைக்கவில்லை. போர்வை ஜனாதிபதியின் மனைவி எலியனார் ரூஸ்வெல்ட்டுக்குக் காணிக்கையாகப் போய், பின்னர் எங்கே போயிற்றென்று எவருக்கும் தெரியாமல் மறைந்துவிட்டது. நாட்டிலேயே சிறந்ததென்று தேர்ந்தெடுத்த போர்வைக்கு நேர்ந்த கதி இது.

1971-இல் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் பழம்போர்வைகளை, ஓவியங்களை மாட்டுவதுபோல, வெள்ளைச் சுவரில் தனித்தனியே நிமிர்த்தி மாட்டினார்கள். ஜோனதன் ஹோல்ஸ்டைனும் கெயில் வான் டெர் ஹூஃபும் சேகரித்தவை அவை. கட்டிலில் கிடந்த பொருள் கலையென்று கொண்டாடப்பட்டதற்கு அந்தக் காட்சி ஒரு பெருங்காரணமாயிற்று. அந்தக் கடமைப்பாட்டை மறுப்பது நியாயமாகாது. எனினும் அவற்றுள் பெரும்பாலானவற்றைத் தைத்த பெண்களின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. வடிவத்தையும் நிறத்தையும் புகழ்ந்தவர்கள், சுவருக்கு வந்த வழியில் எந்த ஊரில், எந்த வீட்டில் அந்தப் பெயர்கள் உதிர்ந்தன என்று கேட்கவில்லை. ஆகவே 2002-இல், அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்ற ஆற்றோரக் குடியிருப்பின் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள் ஹூஸ்டன் அருங்காட்சியகத்தில் தொங்கியபோது, ஒவ்வொன்றின் அருகிலும் தைத்தவர் பெயரும் நின்றதையே நான் பெரிதாகக் கருதுகிறேன். அவற்றில் ஒன்று, மிசௌரி பெட்வே என்பவர் 1942-இல், இறந்துபோன தம் கணவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து இணைத்துத் தைத்தது. உழைத்து உழைத்து வெளுத்த முழங்காற் பகுதிகளை அதில் இன்றைக்கும் பார்க்கலாம். யாருடைய முழங்கால், யாருடைய ஊசி என்று சொல்லும் எழுத்து பக்கத்தில் இராவிட்டால் அந்த வெளுப்பை ஒரு நிற வேறுபாடென்று மட்டுமே கண்டு நகர்ந்துவிடுவோம்.

நம் நாட்டுக் கைத்தறிக் கண்காட்சிகளில் நெசவாளர் கைப்பட ஒரு பெயர்ச் சீட்டுத் தொங்கும் புடவையைக் காண்பது அபூர்வமாயிருக்கிறது. ஊரின் பெயர் இருக்கும். சங்கத்தின் பெயர் இருக்கும். பாவு ஓட்டியவர், ஊடை போட்டவர் யாரென்று கேட்டால் விற்பவருக்கும் தெரியாது. துணியைத் தொடாமல் பார்க்க நாம் பழக வேண்டுமா என்பதில் எனக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இல்லை. பெயரைக் கேட்டுத் தைத்து வைக்க வேண்டும் என்பதில் இருக்கிறது.

அந்த ஒஹாயோ மண்டபத்தில் போர்வைக்குப் போர்வை மாட்டியிருந்த விவர அட்டையில், துண்டுகளை இணைத்தவர் ஒரு வரியிலும், அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தவர் மறு வரியிலுமாகத் தனித்தனியே அச்சிட்டிருந்தார்கள். இக்காலத்தில் முகத்துணியைத் தாமே இணைத்து, அடுக்குத் தையலை மட்டும் பெரிய இயந்திரம் வைத்திருப்பவரிடம் கூலி கொடுத்துச் செய்துகொள்கிறவர்கள் அநேகர். அந்தக் கூலிக்காரருடைய பெயரையும் மறைக்காமல் போடுவது இப்போது ஒழுங்காகிவிட்டது. நீலப் பட்டுநாடா கட்டிய முதற்பரிசுப் போர்வை உண்மையிலேயே மகத்தானது. அதற்கு எதிரே அரைமணி நேரம் நின்றேன். ஆனால் பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் வாசலில் ஒரு வாக்குச் சீட்டுக் கொடுத்திருந்தார்கள். என் சீட்டை, மூன்றாம் வரிசையின் கோடியில் பரிசெதுவும் பெறாமல் தொங்கிய ஒரு பழுப்புநிறப் போர்வைக்குப் போட்டேன். தாய் துண்டுகளை இணைத்து முடித்துவிட்டுக் காலமாகி, மகள் பல ஆண்டு கழித்து எடுத்துத் தைத்து நிறைவேற்றியது அது. தாயின் தையல் ஒரே சீராக இருந்தது. மகளுடையது தொடக்கத்தில் நீளமும் கட்டையுமாகத் தடுமாறி, கீழ்க்கோடிக்கு வருகையில் தேறியிருந்தது. அட்டையில் இரண்டு பெயர்களும் இருந்தன. மூலையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். பின்பக்கத்துச் சீட்டிலும் இரண்டும் இருந்தன.