காசியில் படகு ஏறும் நம்ம ஊர் பக்தர்களே... ரேட் பேசும் முன் இதைப் படிங்க!

நெல்லை: காசிக்கு போய் வந்தவர்களிடம் பேச்சு கொடுத்தால் முதலில் கங்கை, அடுத்து விஸ்வநாதர் தரிசனம் என்று மெய்சிலிர்க்க சொல்வார்கள். மூன்றாவதாக வருவது படகுக்காரர் கதை. "ஆளுக்கு இவ்வளவு வாங்கிட்டான்யா" என்ற புலம்பல் இல்லாத வீடு கிடையாது. ஒரே படகு, ஒரே தூரம். ஆனால் பக்கத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்த இரண்டு பேர் கொடுத்த காசு மட்டும் ஏணி வச்சாலும் எட்டாத வித்தியாசம்!

இப்போ இதை பேச காரணம் இருக்கு. 2022-ல் காசி தமிழ் சங்கமம் தொடங்கியதில் இருந்து தென் மாவட்டங்களில் காசி பயணம் சூடு பிடித்திருக்கிறது. 2023 டிசம்பரில் கன்னியாகுமரியில் இருந்து நெல்லை, மதுரை வழியாக பனாரசுக்கு வாராந்திர ரயிலும் விட்டாச்சு. பத்து வருஷம் சீட்டு போட்டு, பென்ஷன் காசை சேர்த்து வச்சு போகும் பெரியவர்கள்தான் அதிகம். அவங்க கையில் இருக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயும் கணக்குதான்.

பணம் எங்கே போகுது?

படகு சவாரிக்கு கொடுக்கிற காசு முழுசும் படகு தள்ளுகிற ஆளுக்கு போகிறது என்று நினைத்தால் தப்பு. படகு ஒருத்தருக்கு சொந்தம், துடுப்பு போடுபவர் வேறு ஒருத்தர் என்பது அங்கே சகஜம். ரெண்டு பேருக்கும் நடுவில், படித்துறை மேலேயே மடக்கிப் பிடிக்கும் புரோக்கர். அவருக்கு முன்னால் ஆட்டோக்காரர், லாட்ஜ் பையன், சில நேரம் கூடவே வரும் டூர் கைடு. ஆளுக்கு ஒரு கமிஷன் என்றால் ரேட் ஏறாமல் என்ன செய்யும்? நாம் கறாராக பேரம் பேசி குறைத்த அம்பது ரூபாய் கடைசியில் துடுப்பு போடுபவர் கூலியில்தான் கை வைக்கும். புரோக்கர் பங்கில் பைசா குறையாது.

அதனால் முதல் வேலை, நடுவில் இருப்பவரை கழற்றி விடுவதுதான். தசாஸ்வமேத கட்டத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு போய் நின்றால் அது நடக்காது. ஊரே அங்கேதான் இருக்கும். கூட்டம் இருக்கும் இடத்தில் விலை இறங்கிய சரித்திரம் நம்ம டவுன் ரதவீதியிலும் கிடையாது, காசியிலும் கிடையாது. கொஞ்சம் தெற்கே நடந்தால் கேதார் கட்டம், அனுமன் கட்டம். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக குடியிருக்கும் பகுதி. பாரதியார் இளம் வயதில் தங்கியிருந்த வீடு அனுமன் கட்டம் பக்கம்தான். கேதார் கட்டத்தில் குமரகுருபரர் வழிவந்த மடம் இருக்கு. இந்த படித்துறைகளில் அரைகுறை தமிழ் பேசும் படகுக்காரர்கள் உண்டு. நேரடியாக பேசலாம்.

ஒரு கேள்வி, பாதி காசு மிச்சம்

"ஆளுக்கா, படகுக்கா?" இதைத்தான் முதலில் கேட்கணும். இந்தி தெரியாவிட்டாலும் "பூரி நாவ் கா கித்னா?" என்று கேட்டால் போதும். முழு படகுக்கு எவ்வளவு என்று அர்த்தம். ஒரு பேச்சுக்கு, 30 பேர் கோஷ்டியிடம் ஆளுக்கு 300 என்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். சின்ன தொகை மாதிரி தெரியும், தலையாட்டி விடுவோம். மொத்தம் 9 ஆயிரம்! அதே படகை முழுசாக பேசினால் 9 ஆயிரம் என்று சொல்ல அவருக்கே வாய் வராது. ரெண்டு பேர், மூணு பேர் மட்டும் போகிறவர்களுக்கு கணக்கு தலைகீழ். அவங்க தனி படகு எடுக்கவே கூடாது. மத்தவங்களோட சேர்ந்து ஷேர் படகில் ஏறுவதுதான் லாபம்.

அடுத்தது எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம், திரும்ப கொண்டு வந்து விடுவாரா என்பது. இதை பேசாமல் ஏறினால் மணிகர்ணிகா கட்டம் வரை போய்விட்டு "திரும்பணும்னா தனி காசு" என்பார்கள். நடு ஆற்றில் யார் சண்டை போடுவது? காசை இறங்கிய பிறகு கொடுங்க. முன்பணம் கேட்டால் கொஞ்சம் மட்டும்.

ஆறு எந்தப் பக்கம் ஓடுது என்று தெரிந்து வைப்பதும் பணம்தான். காசியில் கங்கை தெற்கில் இருந்து வடக்கே ஓடுகிறது. அசி கட்டம் தெற்கு முனை. அங்கே ஏறி தசாஸ்வமேதத்தில் இறங்கினால் தண்ணி இழுப்போடு துடுப்பு படகே சுலபமாக போய்விடும். ஒரு வழிக்கு மட்டும் காசு கொடுத்து, திரும்பும்போது படித்துறை வழியாகவே நடந்து வரலாம். முட்டி வலி இல்லாதவர்களுக்கு அது ஒரு தனி சுகம். மோட்டார் படகில் ஏறுபவர்களிடம் டீசல் விலையை காட்டி ரேட் ஏற்றினால், "கேஸா, டீசலா?" என்று கேளுங்க. அங்கே நிறைய படகுகளை சி.என்.ஜி.க்கு மாற்றிவிட்டார்கள். கேஸ் நிரப்ப ஆற்றிலேயே மிதக்கும் பங்க் கூட இருக்கு.

ஆரத்தியா, சூரிய உதயமா?

தினமும் சாயங்காலம் நடக்கும் கங்கா ஆரத்திக்குத்தான் படகுக்கு கிராக்கி. உண்மையில் அது சவாரியே இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டி கட்டிய படகில் அசையாமல் உட்கார்ந்திருப்போம். சீட்டுக்குத்தான் காசு. படியில் உட்கார்ந்தால் ஆரத்தி இலவசம். ஒரே குறை, தீபம் காட்டுபவர்கள் ஆற்றைப் பார்த்து நிற்பார்கள், படியில் இருப்பவர்களுக்கு முதுகுதான் தெரியும். அதற்காக படகுதான் வேணும் என்பவர்கள் தாராளமா ஏறட்டும்.

என்னைக் கேட்டால் படகு காசை விடியற்காலைக்கு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஊர் மேற்கு கரையில் இருக்கிறது. எதிர் கரையில் சூரியன் எழும்பும்போது வெளிச்சம் நேராக படித்துறைகள் மேல் விழும். படகும் ஓடும், காத்தும் வரும். சாயங்காலத்து அடிதடியும் இருக்காது.

பித்ரு காரியத்துக்கு போகிறவர்கள் விஷயம் வேறு. அசி, தசாஸ்வமேதம், வருணை சங்கமம், பஞ்சகங்கா, மணிகர்ணிகா என்று ஐந்து இடத்திலும் காரியம் செய்ய படகு இல்லாமல் முடியாது. தெற்கு முனையில் இருந்து வடக்கு முனை வரை போகணும். இங்கே சாஸ்திரிகள் தட்சணை, பொருள், படகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாக சொல்வது வழக்கம். அதில் படகுக்கு எவ்வளவு என்று பிரித்து கேட்பதில் எந்த பாவமும் வந்துவிடாது. அதே நாள் அதே காரியத்துக்கு வந்த இன்னொரு குடும்பம் இருந்தால் படகை பங்கு போடலாம். மணிகர்ணிகாவில் "சிதைக்கு விறகு தானம்" என்று கை நீட்டுபவர்களிடம் மட்டும் உஷார். பேச்சு கொடுத்தால் ஆயிரத்தில்தான் போய் நிற்கும்.

கப்பல் வந்த கதை

2018-ல் அலக்நந்தா என்ற ஏ.சி. சொகுசு படகு வந்தபோது காசி படகுக்காரர்கள் எதிர்ப்பு காட்டினார்கள். நிஷாத், மல்லா சமூகத்தினருக்கு தலைமுறை தொழில் இது. மழைக்காலத்தில் ஆறு பெருகினால் வாரக்கணக்கில் வருமானம் பூஜ்யம். அவங்க பயமும் நியாயம்தான். ஆனா நம்ம பக்கம் இருந்து பார்த்தால், சொகுசு படகில் ரேட் அச்சடித்தது, பேரம் கிடையாது, பெரியவர்கள் தடுமாறாமல் ஏறலாம். அந்த நிம்மதிக்காக கூட கொடுக்க பலர் தயாராக இருக்காங்க. படித்துறையில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு ரேட் போர்டு வைத்து, அதை கண்டிப்போடு அமல்படுத்தினால் பாதி கூட்டம் துடுப்பு படகுக்கே திரும்பும் என்பது நம்ம கருத்து. 2023 ஜனவரியில் காசியில் இருந்து கிளம்பிய கங்கா விலாஸ் பற்றி கேட்கிறவர்களுக்கு: அது அசாம் வரை 51 நாள் போகும் கப்பல், ஒரு நாள் டிக்கெட்டே பல ஆயிரம். நமக்கு சரிப்படாது.

படகில் எவ்வளவு பணம் புரளுகிறது என்பதற்கு பிரயாக்ராஜ் ஒரு உதாரணம். கும்பமேளாவின் 45 நாளில் 130 படகு வைத்திருந்த ஒரு குடும்பம் 30 கோடி ரூபாய் சம்பாதித்ததாக உ.பி. முதல்வர் யோகி ஆதித்யநாத்தே 2025 மார்ச்சில் சட்டசபையில் பெருமையாக சொன்னார். வகுத்துப் பார்த்தால் ஒரு படகுக்கு நாளைக்கு 50 ஆயிரத்துக்கு மேல்! அது யார் பாக்கெட்டில் இருந்து வந்தது என்று தனியாக சொல்ல வேண்டியதில்லை. காசி போகிறவர்கள் திரிவேணி சங்கமத்துக்கும் போவதால் ஆளுக்கா, படகுக்கா கேள்வியை அங்கேயும் மறக்காதீங்க.

நாள் பார்ப்பதும் முக்கியம். கார்த்திகை பவுர்ணமி அன்று தேவ் தீபாவளி. அன்னைக்கு ரேட் பல மடங்கு எகிறும். இரண்டு நாள் முன்னாடியோ பின்னாடியோ போனால் அதே ஆறு, சாதா ரேட்.

ஆடி அமாவாசைக்கு போகும் கோஷ்டிகள் இன்னொன்றை கவனிக்கணும். அது அங்கே வெள்ள காலம். தண்ணி ஏறினால் படகுக்கு தடை போட்டு விடுவார்கள், ஆரத்தியே மாடிக்கு மாறிவிடும். டூர் நோட்டீசில் "படகு சவாரி உட்பட" என்று போட்டிருந்தால், படகு ஓடாத பட்சத்தில் அந்த காசு திரும்ப வருமா என்று அட்வான்ஸ் கட்டும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கங்க.